பிரேக்கோடு ஏறிய மேடு

அசாஹிகாவா, பிப்ரவரி

அப்பாவுக்கு சிஹாரு எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

நேற்று முதியோர் இல்ல வேனை ஓட்டினேன். குளிரில் உறைந்துவிடும் என்று இங்கே யாரும் கைபிரேக் போடுவதில்லை. பனியே இல்லாத நம் ஒகினாவா பழக்கத்தில் நான் போட்டிருந்தேன். எடுக்க மறந்து, மேடு முழுக்க ஏறிவிட்டேன். பிரேக் தீய்ந்த வாடை வண்டிக்குள் அடித்தது.

“யாரும்மா மீனைக் கருக்குறது?” என்றார் பின்சீட்டுப் பெரியவர்.

உடன் வேலை செய்யும் ஓனுமா சிரித்தான். “தெற்கத்திக்காரிக்கு எதுக்கு இந்த ரோடு? ஊருக்கே போயிடு!”

“பிரேக்கோடயே ஏத்திட்டேன். உன்னால முடியுமா?” என்றேன்.

ஊருக்கே வந்துவிடு என்றுதான் நீங்களும் போனில் சொல்கிறீர்கள். வரமாட்டேன். கொஞ்சம் கருஞ்சர்க்கரைக் கட்டி மட்டும் அனுப்புங்கள். இங்கே விற்பதில் நம் வீட்டு வாசனை இல்லை. உடையாமலிருக்க உங்கள் பழைய சட்டை ஒன்றில் சுற்றி வையுங்கள்.

ஓனுமா ஹாரன் அடிக்கிறான். பிரேக்கை எடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். நீங்களும் எடுத்துவிடுங்கள், அப்பா.

சிஹாரு