வலது கை நீங்கலாக

இரணியல்
1934 ஆகஸ்டு 9

பிரியமுள்ள மகன் ஞானதாசனுக்கு அப்பா எழுதுவது. தேவ கிருபையால் நான், உன் அம்மாள், கறவைப் பசு மூவரும் சுகம், இலங்கை மலைக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

உன் கடுதாசி கிடைத்தது. துரைமார் கிளப்பில் அவர்களோடு டென்னிஸ் ஆடிக் கொடுக்கிற மார்க்கர்களுக்குத் தலைமை வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு நீயும் நம்ம மணவாளக்குறிச்சி மீன்காரர் வியாகுலத்தின் மகன் சவரியானும் அடுத்த மாதம் மோத வேண்டும், ஜெயித்தவனுக்கு வேலை தோற்றவனுக்கு ஊருக்குக் கப்பல் என்று எழுதியிருந்தாய். எல்லாம் சரியாய் அடிக்கிறேன் கடைசிப் பந்தில் மாத்திரம் கை நடுங்குகிறது என்றும் எழுதியிருந்தாய். நான் சிரித்தேன், பந்துதானே பாம்பா என்றேன். உன் அம்மாள் சிரிக்கவில்லை, நேரே நம்ம சபைப் போதகர் ஐயரிடம் போனாள், ஞாயிறு ஆராதனையில் உன் வலது கை ஸ்திரப்பட என்னையே எழும்பி ஜெபிக்க வைத்துவிட்டார்கள். சபை முழுக்க ஆமென்.

இது வியாகுலத்தின் காதுக்கு எட்டியது. சந்தையில் சாளை மீன் கடவப்பெட்டியை இறக்கிவைத்து, என்னவே ரசலையா, ஜெபம் பண்ணி எம் பயலுக்க கைய முடக்கப் பாக்கீரா, எங்க கோயில்லயும் அவனுக்கு மெழுகுதிரி எரியுதுவே என்று சத்தம் போட்டார். இரண்டு பக்கமும் இழுத்தால் கர்த்தர்தான் என்ன செய்வார் என்று எனக்கும் பட்டது. கடைசியில் தகப்பன்மார் இருவரும் ஆடித் தீர்ப்பது, தோற்றவன் இனித் தன் பிள்ளையின் கைக்காக ஜெபிக்கக்கூடாது என்று முடிவாயிற்று. அங்கே கூடியிருந்த யாரும் எங்களுக்குப் புத்தி சொல்லவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள்.

நம்ம தோப்பில் அவர் மீன்வலையைக் குறுக்கே கட்டி, பனைமட்டையால் தென்னங்குரும்பையை அடித்தோம். எனக்கும் டென்னிஸ் தெரியாது அவருக்கும் தெரியாது, ஆகையால் சமபலம். இன்னும் ஒரே அடி என்கிற கட்டம், முறை என்னுடையது. நடுவராய் நின்ற, நம்ம சபையில் மணியடிக்கிற கோயில்பிள்ளை பொன்னுலிங்கம் சும்மா இருக்காமல், அண்ணாச்சி பதறாதேயும், பதறினா ஞானதாசன் கப்பல்ல வாறான் என்றான். அப்போது உன் முகம் ஞாபகம் வந்தது மக்கா, உன் அம்மாள் முகமும் வந்தது. கை ஆடிற்று. நடுக்கம் நிற்கட்டும் என்று காத்து நின்றேன், கூடிற்று. குரும்பை பின்பக்கம் பறந்து கிணற்றில் விழுந்தது. வியாகுலம் சந்தோஷத்தில் துள்ளி, தன் வலையிலேயே சிக்கிக் கிடந்தார், நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

ஆகையால் இனி உன் நடுக்கத்தைப் பார்த்துச் சிரிக்கமாட்டேன். நீ கடைசிப் பந்தில் எங்களை நினைக்காதே. கை நடுங்கினால் நடுங்கட்டும், காத்திராமல் நடுங்குகிற கையோடே அடி. தோற்றாலும் வா, இந்த வீட்டில் தோற்ற முதல் ஆள் நீ இல்லை.

வாக்குக் கொடுத்துவிட்டேன், மீறமாட்டேன். ராத்திரி குடும்ப ஜெபத்தில் உன் தலையில் தொடங்கி வலது தோளுக்கு வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இடது பக்கம் போய்விடுகிறேன். உன் அம்மாள் இருமல் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் தருகிறாள், குடிக்கிறேன். தோப்பில் ஆடினது வெறும் விளையாட்டு என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன், வாக்கு விஷயத்தை அவளுக்கு எழுதிவிடாதே. கம்பளி இல்லாமல் வெளியே போகாதே.

உன் வலது கை நீங்கலாக உன் சர்வாங்கத்தையும் கர்த்தர் காத்து ஆசீர்வதிப்பாராக. அந்தக் கையை நீ பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கிணற்றிலிருந்து குரும்பையை இன்னும் எடுக்காத உன் அப்பா
ரசலையன்