முழங்காலோடு நின்ற முக்காடு

மார்ச் 4

என் குருவிக்கு,

முதலில் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையைக் கேள். உன் மாமாவின் மூத்தவன் என்ஜினீயர் பரீட்சையில் ஒரே தடவையில் பாஸ். இளையவள் ஓட்டத்தில் வாங்கிய கோப்பை என் தண்ணீர்ச் செம்பைவிடப் பெரிது. எல்லோருக்கும் மேலே நீ! ஆஸ்பத்திரியில் நர்ஸ், இப்போது கல்யாணப்பெண். வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இந்த வீங்கிய காலோடு கடல் தாண்டி அவ்வளவு தூரம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் எனக்குப் பதிலாக ஒரு பார்சல் வருகிறது. கல்யாணத்தன்று சர்ச்சில் நீ தலையில் போட வேண்டிய நெட், நானே தைத்தது. உன் அம்மா இருந்திருந்தால் அவள் தைத்திருப்பாள்.

மேலே சுருக்கு வைத்து ஒரு சீப்பில் தைத்திருக்கிறேன். சீப்பைக் கொண்டைக்கு மேலே செருகு, இரண்டு பக்கமும் ஊசி குத்து. அசையாது. என் தலையில் மாட்டி, மின்விசிறிக்கு அடியில் நடந்து பார்த்தேன். உன் மாமி பார்த்துவிட்டு, "என்ன அத்தை, உங்களுக்கும் மாப்பிள்ளை பாத்தாச்சா?" என்றாள். "பாத்தாச்சு, நீ பந்தி பரிமாற வா" என்றேன்.

தரை தொடும் நீளம். அளவு எப்படி என்கிறாயா? உன் அப்பா உன் சித்தியைக் கட்டிக்கொண்டு உன்னைக் கூட்டிப்போன அன்று வாசற்கதவருகே எடுத்த படம் இருக்கிறதே, அதில் உன் தலை தாழ்ப்பாளுக்கு நேராக இருக்கிறது. தாழ்ப்பாளிலிருந்து தரைவரை நூல் பிடித்தேன். வளர்ந்திருப்பாய் என்று ஒரு சாண் கூட்டினேன். என் பெண்ணின் பெண்ணை எனக்குத் தெரியாதா?

உன் அம்மாவைப் பெற்றவள்

ஏப்ரல் 5

அன்புள்ள பாட்டிக்கு,

பார்சல் நேற்று வந்தது. பிரித்ததும் உங்கள் அலமாரி வாசனை. அந்தச் சின்னத் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்களிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை பாட்டி. நான் இப்போது அப்பாவைவிட உயரம். நெட் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. வேலைக்கு வசதியாக முடியைக் கழுத்தோடு வெட்டி ஒரு வருஷமாகிறது. கொண்டையே இல்லை. சீப்பைச் செருகினால் வழுக்கி விழுகிறது. பத்து ஊசி குத்தினேன், தலையைத் திருப்பியதும் வந்துவிட்டது. சனிக்கிழமை கல்யாணம். திருப்பி அனுப்பித் தைக்க நாள் இல்லை. சித்தி கடையில் ஒன்று வாங்கிவிட்டார்கள். "பாட்டி மனசு நோகாம எழுதுடி" என்றார்கள். அப்படி எழுத எனக்குத் தெரியவில்லை.

என்மேல் கோபமா பாட்டி?

உங்கள் குருவி

ஏப்ரல் 27

என் கண்ணுக்கு,

இது உன் கைக்கு வரும்போது நீ இன்னொரு வீட்டுப் பெண். இருவரும் நன்றாக இருங்கள்.

கோபம் ஏன் வரப்போகிறது? சித்தி வாங்கியதைப் போட்டதுதான் சரி. நடுக் கல்யாணத்தில் தலையிலிருந்து விழுந்தால் யாருக்கு அவமானம்? நெட்டை வீணாக்காதே. ஈ மொய்க்காமல் சோற்றுப் பாத்திரத்தை மூடு, நல்ல மெல்லிசு.

உன் கடிதத்தை மாமியும் படித்தாள். "ஒரு வார்த்தை அளவு கேட்டிருக்கலாமே அத்தை" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கேட்க நினைத்து இரண்டு முறை பேனாவை எடுத்தேன். கேட்டால் உன்னை எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். நீயும் அதைக் கண்டுபிடித்துவிடுவாய். அந்தப் பயத்தில்தான் தாழ்ப்பாளை அளந்தேன்.

ஏழு வயதில் போனவளுக்குத்தான் தைத்திருக்கிறேன் கண்ணே. இருபத்துநாலு வயதுக்காரி யாரென்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை நீ அனுப்பியதெல்லாம் முகம் மட்டும் தெரிகிற படம், கடைசியாக வந்ததும் மூன்று வருஷத்துக்கு முந்தையது. கல்யாணப் படம் வேண்டாம், அதில் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். வேலைக்குப் போகிற உடுப்போடு, வெட்டிய முடியோடு, தலைமுதல் கால்வரை தெரிகிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.

உன் பாட்டி