சென்டர் ஸ்டாண்டு போடத் தெரியாதவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஏழு வீடுகள். ஏழிலும் ரத்தம் எடுத்தது ஒரு வேலையே இல்லை. வண்டியை நிறுத்தியதுதான் வேலை. "அண்ணா, கொஞ்சம் ஸ்டாண்டு போட்டுத் தர்றீங்களா?" சொல்லிச் சொல்லி வாய் புளித்துவிட்டது.

சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பின்னால் வார் போட்டுக் கட்டியிருக்கும் ஐஸ் பெட்டியும் கூடவே சாயும், உள்ளே சிறுநீர் டப்பா ஒழுகும். ஒருமுறை ஒழுகி மூன்று பேரிடம் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து லேபில் சட்டம்: பெட்டி வைத்த வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராகத்தான் நிற்க வேண்டும்.

வண்டி என் வீட்டுக்காரருடைய பழைய, கனத்த மோட்டார் பைக். வேலை செய்யும் இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து, தோள் முறிந்து, கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் ஸ்கூட்டர் மேட்டுத் தெருக்களில் ஏறி ஏறிப் போன மாதம் உயிரை விட்டது. இது எந்த மேட்டிலும் ஏறுகிறது. ஓடும்போது கனமே தெரியாது. நின்றால்தான் சனியன்.

மார்ச் 6, வியாழன்

ஐந்தாவது வீட்டில் ஸ்டாண்டு போட்டுத் தந்தவருக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. லேபுக்குப் புகார் போய்விட்டது. மேலாளர் கூப்பிட்டார்.

"நீங்க வேலைல கெட்டி, அதுல சந்தேகமில்ல. ஆனா உங்க வண்டிய நீங்களே நிறுத்த முடியலன்னா எப்படிம்மா? பதினேழாம் தேதி என் முன்னாடி நிறுத்திக் காட்டுங்க. இல்லேன்னா ரிசப்ஷன்ல உக்காருங்க. அங்க ஏசி இருக்கு."

ஏசி இருக்காம். பதினோரு வருடமாகக் கைக்குழந்தையின் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறவள் நான். என்னை உட்காரவைத்து டோக்கன் கிழிக்கச் சொல்கிறார். மாட்டேன்.

வீட்டில் சொன்னேன். "உன் எடை என்ன, அதோட எடை என்ன? வித்துடலாம். ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார்" என்றார் இவர்.

"நான் உங்ககிட்ட யோசனை கேட்டேனா?"

சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேரியரைத் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. வண்டி அப்படியே நிற்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

வாசலில் வண்டியைக் கீழே போட்டேன். என் மேல் விழவில்லை, அந்த மட்டுக்கும் பிழைத்தேன். கண்ணாடி ஒன்று போச்சு. இவர் ஓடிவந்து ஒற்றைக் கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எதிர்வீட்டுக்காரர்தான் நிமிர்த்தித் தந்தார். "உனக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்று இவர் கத்தினார். பயத்தில்தான் கத்தினார், தெரியும். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையலறைக்குள் போய் அழுதேன்.

ஆமா, வீம்புதான். எனக்கு இருந்தா என்ன?

பிறகு கேட்டேன்: "நீங்க எப்படித்தான் போடுவீங்க?"

"தூக்குவேன்."

"எப்படி தூக்குவீங்க?"

"தூக்குவேன்னா தூக்குவேன். இதுல என்ன எப்படி?"

இருபது வருடம் இந்த வண்டியோடு குடும்பம் நடத்தியவருக்கே தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வண்டி ஏற வேண்டிய உயரம்தானே பிரச்சினை? கொஞ்சம் உயர்த்திவிட்டால்? பழைய அலமாரிப் பலகையிலிருந்து இரண்டு துண்டு அறுத்தேன். ஸ்டாண்டின் இரண்டு கால்களுக்கும் அடியில் வைத்தேன். முன்பைவிடப் பாரம். அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் உறைத்தது — ஸ்டாண்டை உயர்த்தினால் வண்டி இன்னும் உயரமாக அல்லவா ஏற வேண்டும்? என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

உயர வேண்டியது பின்சக்கரம். ஒரே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் சக்கரத்தை உருட்டி ஏற்றினேன். ஸ்டாண்டின் கால்கள் வெறும் தரையில். இப்போது அசைகிறது. ஏறவில்லை, ஆனால் அசைகிறது!

மார்ச் 12, புதன்

இன்று கண்டுபிடித்துவிட்டேன்.

எட்டாத பக்கத்தில் பெட்டியின் வார் அவிழ்ந்திருந்தது. அதைப் பிடிக்க ஸ்டாண்டின் மிதியில் காலை வைத்து எம்பினேன். வண்டி தானாகக் கொஞ்சம் மேலே வந்தது. கை எதையும் தூக்கவில்லை. என் எடைதான் தூக்கியது.

உன் எடை என்ன என்று கேட்டாரே. நாற்பத்தெட்டு கிலோ. அத்தனையும் அந்த மிதியின் மேல்.

மார்ச் 13, வியாழன்

பத்து தடவை போட்டேன். ஆறு ஏறியது. இவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்காத மாதிரி. கடைசியில் வெளியே வந்து, "ஸ்டாண்டு திரும்புற இடத்துல துரு. கிரீஸ் வச்சு நாளாச்சு" என்றார். டப்பாவை இடது கையால் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

கிரீஸ் வைத்த பிறகு பத்துக்குப் பத்து.

மார்ச் 17, திங்கள்

லேப் வாசல். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் அண்ணன் வழக்கம்போல ஓடிவந்தார். "இருங்கண்ணா, வேணாம்" என்றேன்.

பலகையைப் போட்டேன். பின்சக்கரத்தை ஏற்றினேன். இரண்டு காலும் தரையில் சமமாகப் பட்டதா என்று ஆட்டிப் பார்த்தேன். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை கேரியரில், வலது கால் மிதியில். ஏறி நின்றேன். டக்.

மேலாளர் பலகையையே பார்த்தார். "கட்டைய வச்சுப் போட்டா அது சேர்த்தியாம்மா?"

"நீங்க கண்ணாடி போட்டுத்தானே சார் ரிப்போர்ட் படிக்கிறீங்க? அது சேர்த்திதானே?"

வாட்ச்மேன் அண்ணனுக்குத் திடீரென்று இருமல். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி, கிளம்புங்க. முதல் வீடு எட்டு மணிக்கு" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்பது வீடுகள். யாரையும் கூப்பிடவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, உறுமவிட்டுப் பார்த்து, மறுபடி ஏற்ற முடியாமல் அவர் முக்குவது ஜன்னல் வழியாகக் கேட்டது. நல்ல ஆகிருதியான ஆள்.

"தூக்காதீங்க சார்" என்றார் இவர். "கைக்கு அதுல வேலையே இல்ல. மிதியில ஏறி நில்லுங்க. பலகை தரட்டா?"

டக்.

"அட" என்றார் வந்தவர். "சரி, விலைய சொல்லுங்க."

"அத என்கிட்ட கேட்டா எப்படி சார்? வீட்டுக்காரி வண்டி. அவ குடுக்க மாட்டா."

குழாயை மூடினேன். வெளியே போகவில்லை. போனால் பேச்சை மாற்றிவிடுவார்.