ஏழு பத்து வண்டிப் பாட்டு

பொன்னேரி
12.8.2025

அன்புள்ள தங்கை தர்ஷினிக்கு,

அக்கா துர்காதேவி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். பெங்களூரில் உனக்குத் தொண்டைப் புண் ஆறி வருகிறதா? ஆபரேஷன் செய்த டாக்டர் ஆறு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்றாராம். உன் கீபோர்டுக்காரர் ஜெரால்ட் சொன்னார். போனில் நீ பேச முடியாது. மெசேஜ் அனுப்பினாலும் ஒரு சிரிப்புப் படத்தைத் திருப்பி அனுப்பி முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். நீ இதற்குக் குறுக்கே பேச முடியாது என்பதும் எனக்கு வசதிதான்.

சொர்ணவாரி நெல் அறுப்புக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அறுப்பு மிஷினுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். அதற்குள் மழை பிடித்துக்கொள்ளுமோ என்று அம்மா வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது நம் ஊர் குப்பை வண்டியிலும் உன் பாட்டுதான். காலை ஆறரைக்கு உன் குரல் தெருமுனையில் கேட்டதும் நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். பார், நானே 'உன் பாட்டு' என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

அது எப்படிப் பிறந்தது என்று உனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பொன்னேரி ஸ்டேஷனில் ஏழு பத்து வண்டி பிதுங்கிக்கொண்டு வரும். முதல் நாள் ஓவர்டைம் செய்த காலோடு மறுநாளும் நின்றுகொண்டே போனபோது வாயில் வந்தது:

ஏழு பத்து வண்டியில ஏறி வந்த காத்தே,
எனக்கும் கொஞ்சம் எடம் குடு, காலு வலிக்குது.

ஜெரால்ட் அப்போது கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாடியில் வைத்து, ரயில் ஓடுகிற வேகத்தில் பாடிப் பதிந்தோம். யூடியூபில் இரண்டு வருஷத்தில் நாலாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் பாதி நம் அம்மா.

பிறகு நீ காலேஜ் மேடையில் கிட்டாரோடு அதைப் பாடினாய். மெதுவாக, தாலாட்டு மாதிரி. இரண்டாவது அடியை 'என் பக்கத்துல எடம் இருக்கு, குந்திக்கினு போ' என்று மாற்றிவிட்டாய். நான் இடம் கேட்டுப் பாடியதை நீ இடம் கொடுத்துப் பாடினாய். அது காதல் பாட்டாகிவிட்டது. கோடிப் பேர் கேட்டார்கள். அப்புறம் சூலூர்ப்பேட்டைக்காரர்கள் தெலுங்கில் பாடினார்கள். அதில் வண்டி எட்டரைக்கு வருகிறது. கோயில்களில் பேண்டு செட்டு வாசித்தது. தேர்தலில் ஒரு வேட்பாளர் தன் சின்னத்தை நுழைத்துப் பாடவைத்தார். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒவ்வொன்றும் உன்னுடையதைத்தான் பார்த்துப் பாடியது. ஒன்றுகூட என்னுடையதை அல்ல.

போன ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் என்னைப் பாடச் சொன்னார்கள். என் வேகத்தில் பாடினேன். பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த பூமிகா, நல்ல பெண், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சூப்பரா பாடினீங்கக்கா. ஆனா ஒரிஜினல் மாதிரி வர்ல." பொரியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன்.

அதே வாரம்தான் உன் டிவி பேட்டி. இது எங்கள் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டு, நடவு நடும்போது பாடுவார்கள் என்று சொன்னாய். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாடி இது, சேத்துல நின்னுக்கினு எவ ரயிலப் பத்திப் பாடுவா?" என்றாள். சிரித்துவிட்டு அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு மறுபடி பார்த்தாள். உன் பாட்டை வெளியிட்ட கம்பெனிக்காரர்கள் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

இனி எழுதப்போவது கஷ்டமானது. உன் வீடியோவுக்குக் கீழே 'குரலில் உப்பு இல்லை' என்று எழுதியது யார் என்று ஒருமுறை அழுதாயே, அது நான்தான். சரவணன் என்ற பெயரில் எழுதினேன். அது மட்டுமல்ல. உனக்குத் தொண்டையில் கட்டி, ஆபரேஷன் என்று ஜெரால்ட் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். ஆனால் அதுதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி அம்மன் கோயில் திருவிழாவுக்கு நீ ஒப்புக்கொண்டிருந்த கச்சேரியை நான்தான் பாடினேன். ஜெரால்ட் கேட்டார். நான் இரண்டாவது முறை கேட்கவைக்கவில்லை. போஸ்டரில் உன் படத்தை மாற்ற நேரமில்லை. உன் முகத்துக்குக் கீழே நின்றுகொண்டு, இன்றைக்கு இவர்களுக்கு நிஜப் பாட்டு எது என்று காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஜெரால்டிடம் பழைய வேகத்தையே வாசிக்கச் சொன்னேன்.

முதல் அடி பாடுவதற்குள் ஜனம் கூடப் பாட ஆரம்பித்துவிட்டது. உன் மாதிரி, மெதுவாக. நான் முன்னால் ஓட, அவர்கள் பின்னால் இழுக்க, தாளம் சிதறியது. ஜெரால்ட் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். முன்வரிசையில் மூன்று பெண்கள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். 'என் பக்கத்துல எடம் இருக்கு' என்று பாடும்போது ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்து, நின்றிருந்த ஒரு அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

தர்ஷினி, நீ மாற்றியது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இதை எழுதவே கை வரவில்லை. எழுதிவிட்டேன். மிச்சத்தை அவர்களோடு சேர்ந்து மெதுவாகத்தான் பாடினேன். அதனால் என் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த அடி எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் பாட்டைக் கட்டியவள் நான். அதை நீ ஊரறியச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் வந்து கேட்பேன்.

இருமல் வந்தால் அடக்காதே, வெந்நீர் குடி. தனியாக இருக்கும்போதுகூட முணுமுணுத்துப் பார்க்காதே. உன்னை எனக்குத் தெரியும். அம்மன் உன் குரலை முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்று திருவிழாவன்று வேண்டிக்கொண்டேன், மனசாரத்தான். டாக்டர் பேசலாம் என்று சொன்ன அன்றைக்கு எந்தப் பாட்டும் பாடிப் பார்க்க வேண்டாம். எனக்குப் போன் போட்டு, அக்கா என்று ஒரு தடவை கூப்பிடு. போதும்.

உன்
துர்கா