ஏர் ஃபில்டரில் ஒரு சிவப்புப் புள்ளி

என்னங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு இதைப் படியுங்கள், இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது.

ஆயில் மாற்றத்தானே நேற்று வண்டியைக் கொண்டுபோனீர்கள்? ஒரு முழத்துக்கு எஸ்டிமேட்டோடு திரும்பி வந்தீர்கள். நான் வாயைத் திறந்ததும், "அவன் என்கூடப் படிச்சவன்டி, நம்மளப் போய் ஏமாத்துவானா?" என்று பாய்ந்தீர்கள்.

உங்கள் மெக்கானிக் நண்பர் போன சர்வீஸில் புது ஏர் ஃபில்டர் போட்டதாகச் சொன்னார் அல்லவா? அதற்கு முந்தின நாளே பழையதில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். இன்று காலை திறந்து பார்த்தேன். புள்ளி அப்படியே இருக்கிறது, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

நாலு மணிக்கு வண்டியை எடுக்க அவர் வருவார். ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வண்டியை மட்டும் கொடுக்காதீர்கள். நாளைக்கு வேறு மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.

பி.கு.: பிரேக் தேய்ந்துவிட்டது என்றும் அந்த எஸ்டிமேட்டில் எழுதியிருக்கிறார். அதுவும் புளுகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒன்று மட்டும் நிஜமாக இருந்துவிட்டால்? வண்டிச் சாவியைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. நான் பஸ்ஸில்தான் போகிறேன். நீங்களும் பஸ்ஸிலேயே போங்கள்.