இன்னொருத்திக்காகச் சொன்ன 'உள்ளேன்'

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. நீங்கள் மூவரும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் போனில் உன் குரலைக் கேட்ட பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் நீ பாதியில் அழுகிறாய், இல்லாவிட்டால் உன் நாத்தனார் பக்கத்தில் வந்து நின்று காதைத் தீட்டிக்கொள்கிறாள். இந்தக் கடிதத்தையும் அவள் எடுத்துப் படிப்பாள், படிக்கட்டும், அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் அந்த நாட்டிலேயே தங்கும் உரிமை கிடைத்துவிட்டது, உனக்கு மட்டும் இழுபறி. போய்ச் சேர்ந்த முதல் இரண்டு வருஷமும் நீ அந்த ஊரில்தான் இருந்தாய் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம், அடுத்த மாத விசாரணையில் காட்டாவிட்டால் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நீ பெட்டி கட்ட வேண்டுமாம். ஆதாரம் எங்கிருந்து வரும்? வாடகை நாத்தனார் பெயரில், போன் மாப்பிள்ளை பெயரில், அவள் வீட்டில் விடிந்ததிலிருந்து நீ பார்த்த வேலைக்கோ பெயரே கிடையாது. சமைத்தாய், துவைத்தாய், அவள் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டாய், சாயங்காலம் கூட்டி வந்தாய். பெற்ற மகாராணிக்கு ஒரு நாள்கூடப் பள்ளிக்கூட வாசலை எட்டிப் பார்க்க ஒழியவில்லை. இப்போது ஒரு வரி எழுதிக் கொடுங்கள் அண்ணி என்று நீ கேட்டதற்கு, குடும்ப விஷயத்தை ஆபீஸ் வாசல்வரை இழுக்காதேம்மா என்றாளாம். மாப்பிள்ளையும், அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாராம். நன்றாக இருக்கிறது! பெண்டாட்டியை விமானம் ஏற்றிவிட்டு அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சரியாக இருக்கட்டும்.

அப்புறம் அந்தப் பெரிய தொண்டு நிறுவனம், மாப்பிள்ளை பெருமையாகக் கூட்டிப் போன இடம். அவர்கள் பத்திரிகையில் வந்த உன் படத்தை அப்பா அக்கம்பக்கமெல்லாம் காட்டிவிட்டு வந்தார். நானும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நடுவில் தலைவர் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்கிறார், நீ ஒரு கம்பளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கிறாய். உனக்குக் கம்பளியா குறைச்சல்? தங்கும் உரிமைக்கு என்ன செய்வது என்று நீ கேட்டபோது, அது எங்க பிரிவு இல்லைங்க, சோப்பு வேணுமா என்றார்களாம். படத்துக்குக் கீழே தலைவர் பெயர் இருக்கிறது, அவர் சம்சாரத்தின் பெயர் இருக்கிறது, உன்னை 'பயனாளி' என்று போட்டிருக்கிறார்கள். வகுப்பில் கணக்குத் தெரியாமல் அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து உட்கார வைக்கிற வாத்தியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பிள்ளை சிரிக்கும், கணக்கு அப்படியே இருக்கும்.

கணக்கைப் போட்டுக் காட்டினது அந்தச் செருப்புத் தைக்கிற கடைக்கு மேலே இருக்கிற சின்னச் சட்ட உதவி ஆபீஸ்தான். மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றாத அறை என்று நீயே சொன்னாய். அங்கே இருக்கிற அம்மாள் உனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, கேள்விதான் கேட்டிருக்கிறாள். அந்த இரண்டு வருஷமும் உன்னைத் தினம் பார்த்தவர்கள் யார் என்று கேட்டாள் பார், அது கேள்வி. பையனின் வகுப்பு டீச்சர் என்று நீ சொன்னதும், அவர் எழுதித் தரலாமே, மொழிபெயர்க்க ஆளோடு நானும் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், விசாரணைக்கு எங்கள் வக்கீலும் கூட வருவார், ஒரு பைசா வேண்டாம் என்றிருக்கிறாள். நீ என்ன செய்தாய்? யோசிச்சுச் சொல்றேன் என்று படியிறங்கி வந்துவிட்டாய்! ஏனென்றால் அந்த டீச்சருக்கு நீதான் பையனின் அம்மா. ஆயிரம் கேள்வி கேப்பாங்க, அம்மான்னே சொல்லிடு என்று முதல் நாளே நாத்தனார் சொல்லிக் கொடுத்து, அவள் பெயரைச் சொல்லியே இரண்டு வருஷம் அந்த வாசலில் நின்றிருக்கிறாய். இப்போது எப்படிம்மா போய் நான் அவ இல்லைன்னு சொல்றது, கேவலமா இருக்கு என்கிறாய்.

நான் டீச்சராக இருந்த வகுப்பில், வராத தோழிக்காக உள்ளேன் டீச்சர் என்று குரல் மாற்றிச் சொல்கிற ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவளுடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டபோது, ஏற்கெனவே சொல்லிவிட்ட நினைப்பில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வகுப்பே சிரித்தது. நீ செய்திருப்பது அதுதான். அவளுக்காவது ஒரு நாள், உனக்கு இரண்டு வருஷம். நான் அவளை அடிக்கவில்லை, எழுந்து நின்று உன் பெயருக்குச் சொல் என்றேன், சொன்னாள், அவ்வளவுதான். டீச்சர்களை எனக்குத் தெரியும். மழையிலும் வெயிலிலும் பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த முகத்தை நாங்கள் மறப்பதில்லை, பெயர் மாறியிருந்தால் திருத்திக்கொள்ளத் தெரியும். நீ பெயரை மாற்றிச் சொன்னதையும் மறைக்காமல் டீச்சரை எழுதச் சொல், இருந்தது இருந்தபடி எழுதட்டும், டீச்சர் எழுதித் தரலாம் என்றுதானே அந்த ஆபீஸ் அம்மாளும் சொன்னாள். இதில் கேவலப்பட வேண்டியது பெற்ற பிள்ளையின் டீச்சர் யாரென்றே தெரியாதவள், நீ இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, பேத்தியை அதட்டாதே. மாப்பிள்ளையிடம் அக்காவைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் உன்னோடு அந்தச் செருப்புக் கடை மாடி ஏறச் சொன்னேன் என்று சொல். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று உன் சொந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை வைப்பதற்காக உன் மூன்று அத்தைகளோடும் நான் ஒற்றை ஆளாகச் சண்டை போட்டிருக்கிறேன், உன் நாத்தனாருக்கு விட்டுக்கொடுக்க இல்லை.

எல்லா நலமும் உன்னைச் சேரட்டும் என்று வாழ்த்தும்,
அம்மா