ஐந்தும் ஆறும்

ஜனவரி 14
லத்தீன் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். அம்மா கவனிக்கவில்லை. சமையலறை ஜன்னலோரம் அவள் முப்பரிமாண அச்சில் எடுத்த ஏழு வெள்ளை வளையங்கள் வரிசை எண்ணோடு நிற்கின்றன. ரொட்டி வைக்க இடமில்லை.

ஒவ்வொன்றும் ஒரு பரப்பு. வளைந்து நிற்க அதற்கு ஆகும் ஆற்றல், சற்றே அசைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய மாறாது. ஒரு கோளத்தைக் கண்ணாடி போல வைத்து, அதன் உள்ளே இருப்பது வெளியே போகும்படி புரட்டினால் தோற்றம் மாறும், ஆற்றல் மாறாது. அப்படிப் புரட்டி ஒன்றிலிருந்து இன்னொன்று கிடைத்தால் இரண்டும் ஒன்றுதான். இந்த வகையில் ஏழுதான், எட்டாவது இல்லை என்று அம்மா நிரூபித்திருக்கிறாள். 30ஆம் தேதி பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றிப் பேசுகிறாள். அதை வைத்து அங்கே நிரந்தர வேலை கிடைத்தால் இங்கே டியூபிங்கனிலேயே இருப்போம். இல்லாவிட்டால் மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அவள் ஜப்பானுக்கு, நான் வடகோடியில் கீல் நகரத்தில் அப்பா வீட்டுக்கு.

ஜனவரி 17
கிறிஸ்துமஸ் மரத்தின் கண்ணாடி உருண்டை ஒன்று மேசையில் கிடந்தது. அதன் முன் ஐந்தாம் வளையத்தைச் சும்மா பிடித்தேன். உருண்டையில் தெரிந்த பிம்பத்தில் குண்டு வளையம் ஒரு பக்கம் இளைத்து, மறுபக்கம் உப்பி – ஆறாவது மாதிரியே.

என் கண்தான் சரியில்லையோ?

ஜனவரி 18
மாலையில் ஃபோல்க்மார் வந்தார், அம்மாவோடு சேர்ந்து கணக்குப் போட்டவர். அஞ்சும் ஆறும் நிஜமாவே வேறயா என்று விளையாட்டுப் போலக் கேட்டேன். உள்ளே அடைபடும் கொள்ளளவு வேறு, ஆகவே வடிவமும் வேறு என்றாள் அம்மா. ஃபோல்க்மார் சிரித்தார். "மெர்லே சொல்றது சரின்னா நாங்க ரெண்டு பேரும் பேக்கரில மாவு பிசையப் போகணும்."

அம்மாவும் சிரித்தாள்; அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜனவரி 21
சொன்னால் கீல். சொல்லாவிட்டால் யாராவது எல்லோர் முன்னாலும் சொல்வார்கள். பிறகும் கீல்தானே?

ஜனவரி 24
ஆறாவதை விளையாட்டுப் பையில், ஷூவுக்கடியில் ஒளித்துவிட்டேன். பக்கத்தில் இல்லாவிட்டால் யார் ஒப்பிடுவார்கள்?

அம்மா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினாள். கடைசியில் புதிதாக ஒன்று அச்சிடலாம் என்று பழைய கணக்கைத் திறந்தாள். கதவிடுக்கில் பார்த்தேன்: கையைக் கன்னத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கெட்டில் கொதித்துக்கொண்டே இருந்தது.

ஜனவரி 25
கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எங்கே இருந்தது என்று அம்மா கேட்கவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போன வாரம், பதினேழாம் தேதி."

ஐந்தும் ஆறும் ஒன்றேதான். அது மட்டும் என்றால் பட்டியலில் ஒன்று குறையும், அவ்வளவுதான். ஆனால் புரட்டும்போது கொள்ளளவும் மாறும். அது மாறாது என்பதை வைத்துத்தான் நிரூபணம் முழுவதும் நிற்கிறது. எட்டாவது இல்லை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. முதல் வருஷ மாணவன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான் என்றாள்.

கீல் போக பயம்மா என்றேன். வேறு என்ன சொல்ல.

"நீ அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு ஒரு வாரம் கெடச்சிருக்கும்டி."

திட்டியிருக்கலாம்.

ஜனவரி 30
கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அம்மா எடுத்த எடுப்பில் சொன்னாள்: அறிவிப்பில் ஏழு என்று போட்டிருக்கிறது, என்னிடம் இருப்பது ஆறு, இவற்றைத் தவிர வேறு இல்லை என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. யாரோ பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

முடிந்ததும் இங்கே வழக்கப்படி, கைதட்டலுக்குப் பதிலாக, எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். மரியாதைக்கா, மெய்யாகவா – எனக்குப் புரியவில்லை. ஃபோல்க்மார் மட்டும் ரொம்ப நேரம் தட்டினார்.

மார்ச் 5
வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. சனிக்கிழமை எனக்குக் கீல் ரயில்; பயணச்சீட்டு ஃபிரிட்ஜ் கதவில்.

ஆனாலும் ஃபோல்க்மார் இன்றும் வந்தார். திரையில் புதிதாக ஒரு வளையம், இடுப்பில் மூன்று முறை முறுக்கிக்கொண்டது. புரட்டும்போது அது அந்த ஆறில் ஒன்றாகிவிட்டால் புது நிரூபணம் ஏறக்குறைய முடிந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டு நாற்காலியை நகர்த்தினாள்.

"கணக்கு அப்புறம். கண்ணுக்கு என்ன தெரியுது?"

வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"இது வேறம்மா" என்றேன்.